சாலை மரமும் மரக் கணக்கும்: ஓசூர் மேட்டுநிலத்தில் மரம் பேணிய வரலாறு

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கிருஷ்ணகிரியின் உயரம் 500 மீட்டர் அளவுதான். சூளகிரி வழியாகச் சாலை மேலேறி முடிப்பதற்குள் காற்றின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். பழைய சேலம் மாவட்டத்தின் வருவாய் ஆவணங்கள் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்டன. கிருஷ்ணகிரியைச் சுற்றிய தாழ்ந்த பகுதி பாராமகால். ஓசூரைச் சுற்றிய மேட்டுப்பகுதி பாலாகாட். ஓசூருக்குத் தெற்கே உள்ள தளி வட்டாரத்துக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 'லிட்டில் இங்கிலாந்து' என்ற செல்லப்பெயரும் உண்டு.

இந்த மேட்டுநிலத்தின் குளிர் நீலகிரியின் குளிரைப் போன்றது அன்று. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும். விடியலில் ஏரிகளின் மேல் மூடுபனி படரும். தண்ணீர் உறைவதில்லை. ஆனாலும் மரங்களுக்கு இந்தக் குளிர் பொருட்படுத்த வேண்டிய ஒன்றுதான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்குள் முடிந்துவிடும். அதன்பின் வறண்ட வாடைக்காற்று தொடங்கும். குளிர்ந்த மண்ணிலிருந்து வேர் நீரை இழுக்கும் வேகம் குறைய, இலையோ காற்றில் நீரை இழந்துகொண்டே இருக்கும். கார்த்திகையில் நட்ட கன்றின் இலைநுனி கருகுவதும், தை முடியும்வரை அது துளிர்விடாமல் நட்டபடியே நிற்பதும் இதனால்தான். வைகாசியில் குழி வெட்டி ஆறப்போட்டு, ஆவணி, புரட்டாசியில் கன்று நட்டால் குளிர் வருமுன் வேர் பிடித்துவிடும். மேட்டுநில மரப் பராமரிப்பின் முதல் விதி இந்த நாள்கணக்கு.

எந்த மரம் எங்கே நிற்கும் என்பதையும் குளிரே பிரித்தது. காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர் பக்கத்துத் தாழ்நிலத்தில் மாந்தோப்புகள் செழித்தன. மேட்டுநிலத்திலோ மா பூக்கும் காலத்தில் மூடுபனியும் ஈரமும் சேர்ந்து சாம்பல் நோயைக் கொண்டுவரும். பூ கருகி உதிரும். அதனால் மேலே மாமரம் வீட்டுக்கொன்று, வயலுக்கொன்று என்ற அளவில் நின்றது. ஆல், அரசு, அத்தி, புங்கு, நாவல், புளி ஆகியவையே அங்கே பொதுவெளியின் மரங்களாயின. மூன்று மொழிகள் புழங்கும் எல்லை மண் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள். புளிக்குத் தெலுங்கில் சிந்த, கன்னடத்தில் ஹுணசெ; புங்குக்குக் கானுக, ஹொங்கெ; அரசுக்கு ராவி, அரளி.

மேடை மரங்களும் தோப்புகளும்

இந்தப் பகுதியில் திட்டமிட்டு நட்டுப் பேணப்பட்ட மரங்களில் மிகப் பழமையான வகை ஊர் மேடை மரம். ஊரின் நடுவிலோ ஏரிக்கரையிலோ அரசையும் வேம்பையும் ஒரே குழியில் சேர்த்து நடுவார்கள். இரண்டும் வளர்ந்தபின் அவற்றுக்குத் திருமணம் செய்துவைப்பதும் உண்டு. சுற்றிலும் கல் அடுக்கி, மண் நிரப்பி மேடை கட்டி, அதன்மேல் நாகர் கற்களை நாட்டுவார்கள். கன்னடத்தில் இதற்குக் கட்டெ என்று பெயர். பஞ்சாயத்து கூடியதும், வழிப்போக்கர் இளைப்பாறியதும், பெண்கள் வலம்வந்து தண்ணீர் ஊற்றியதும் இங்கேதான்.

வழிபாட்டுக்காகக் கட்டிய மேடை மரத்துக்கும் பயன்பட்டது. வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் மரத்தடி மண்ணை மிதித்து இறுக்காமல் அது காத்தது. மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. பெரிய மரங்கள் பட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோடையில் நாள்தோறும் ஊற்றப்பட்ட சில குடம் நீரும் வேருக்குப் போய்ச் சேர்ந்தது. அடிமரத்தைச் சுற்றி மண் குவிப்பது பல மரங்களுக்கு ஆபத்து, பட்டை அழுகிவிடும். அரசும் ஆலும் குவித்த மண்ணிலும் புதுவேர் விடக்கூடியவை என்பதால் மேடையைத் தாங்கிக்கொண்டன.

இன்னொரு வகை தோப்பு. ஊருக்கு வெளியே கிணற்றோடு சேர்த்து வைத்த மாந்தோப்பும் புளியந்தோப்பும் சந்தை கூடவும், வணிகர் மாடுகளை அவிழ்த்துவிடவும், படைகள் தங்கவும் பயன்பட்டன. கிணறு வெட்டுவதும் தோப்பு வைப்பதும் சுமைதாங்கிக் கல் நாட்டுவதும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட அறங்கள். வைத்தவரின் குடும்பம் தோப்பைப் பார்த்துக்கொண்டது. குடும்பம் நொடித்தால் தோப்பும் நொடிந்தது.

மேடை மரத்துக்குத் தெய்வம் காவல். தோப்புக்குக் குடும்பம் காவல். இவ்விரண்டு காவலும் இல்லாத இடம் ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள நெடுஞ்சாலை. அங்கே நிற்கும் மரத்தைப் பேணுவது ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியில் அரசின் வேலையாக மாறியது.

போர்ப்பாதை நிழற்சாலையானது

மைசூருக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் பாராமகாலும் ஓசூரும் படைகளின் நடமாட்டப் பாதையில் இருந்தன. 1791இல் ஓசூர்க் கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்தது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியிடம் வந்தது. ஓசூர் மேட்டுநிலம் 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் வந்து சேர்ந்தது. பாராமகாலின் நிர்வாகத்தை அலெக்சாண்டர் ரீடு ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவரது உதவியாளர்களுள் ஒருவர். நிலத்தை அளந்து உழவரிடம் நேரடியாக வரி தண்டும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் இடப்பட்டது. வயலைப்போலவே மரமும் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது. பட்டா நிலத்து மரம் உழவருடையது. புறம்போக்கு மரம் சர்க்காருடையது என்ற பிரிவு நிலைபெற்றது.

சென்னையிலிருந்து வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை படைக்கும் வணிகத்துக்கும் இன்றியமையாததாக இருந்தது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக்குதிரைகளுக்கான பண்ணை தொடங்கப்பட்டது. இன்றைய மாவட்டக் கால்நடைப் பண்ணை அதன் தொடர்ச்சி. குதிரைப்படைக்கும் மாட்டுவண்டிக்கும் பகல் பயணத்தில் நிழல் ஓர் ஆடம்பரம் அன்று. நிழலில்லாத சாலையில் மாடு நடக்கும் தொலைவு குறையும். சாலையோரம் மரம் வைப்பது சாலை போடுவதன் ஒரு பகுதியாகவே ஆனது.

1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டமும் இந்த வேலையை உள்ளூர் வாரியங்களின் கையில் கொடுத்தன. சாலைகளைப் பராமரிப்பதோடு சாலையோர மரங்களை நடுவதும் காப்பதும் வாரியங்களின் கடமை என்று 1884ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. வாரியத்தின் வரவுசெலவில் சாலை மரங்களுக்கான செலவும் அவற்றின் விளைபொருளால் வந்த வரவும் தனித்தனி இனங்களாயின.

நடவு முறை இரண்டு. ஆலும் அத்தியும் போத்தாக நடப்பட்டன. கைத்தடிமன் உள்ள கிளையை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டி, வெட்டுவாயில் சாணமும் மண்ணும் அப்பி, ஆழக் குழியில் ஊன்றுவார்கள். போத்தின் துளிர் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாத உயரத்தில் வெடிப்பதால் அதற்கு வேலி வேண்டியதில்லை. புளி, வேம்பு, புங்கு ஆகியவை கன்றாக நடப்பட்டன. மூன்றடிக்குக் குறையாத சதுரக் குழி. குளத்து வண்டலும் எருவும் கலந்த நிரப்பு மண். சுற்றிலும் இலந்தை முள்ளோ கருவேல முள்ளோ வைத்த அடைப்பு. தண்ணீர் எட்டாத இடங்களில், அடியில் துளையிட்ட மண்பானையைக் கன்றின் அருகே புதைத்து, துளையில் திரியிட்டு, வாரம் ஒருமுறை நிரப்புவது வழக்கம். மேட்டுநிலத்தில் மூன்று குளிரையும் மூன்று கோடையையும் தாண்டிய கன்று பிழைத்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்பின் புளிக்கு மனிதக் கை தேவைப்படுவது அரிது.

சாலையைப் பேணும் கூலியாள் மைல்கூலி எனப்பட்டார். குறிப்பிட்ட தொலைவுக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் இவர்கள் பள்ளம் நிரப்பினார்கள், ஓரம் செதுக்கினார்கள், கன்றுகளுக்கு நீர் ஊற்றினார்கள். சாலை மரத்தை நாள்தோறும் பார்க்கும் கண் ஒன்று இருந்தது என்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

புளிய மரத்தின் கணக்கு

சாலையோர மரங்களில் புளி முதலிடம் பிடித்ததற்குக் காரணங்கள் பல. அதன் வேர் ஆழமாக இறங்கும், சாலையைப் பெயர்க்காது. கிளை வளைந்து கொடுக்கும். காற்றுக்கு எளிதில் முறியாது. நூறாண்டைக் கடந்தும் நிற்கும். உறைபனியைத் தாங்காது என்றாலும் ஓசூரின் குளிரளவைத் தாங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக அது காசு தரும்.

வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளில் மரங்களுக்கென்றே ஒரு பதிவேடு உண்டு. புறம்போக்கில் நிற்கும் பலன்தரும் மரங்கள் அதில் ஏறும். அரசு நிலத்தில் மரம் வைத்து வளர்த்தவருக்கு அதன் பலனை அனுபவிக்கும் உரிமை 2சி பட்டாவாக வழங்கப்பட்டது. நிலம் அரசுடையது, மரத்தின் பலன் வைத்தவருடையது என்ற இந்த ஏற்பாடு மரப் பாதுகாப்புக்கான மிக மலிவான வழியாக இருந்தது. பலன் யாருக்கோ அவரே காவல்.

சாலை மரங்களுக்கு அதே வேலையை ஏலம் செய்தது. ஒவ்வொரு மரத்துக்கும் எண். அடிமரத்தில் மார்பளவு உயரத்தில் பட்டையைச் சீவி வெள்ளையடித்து அந்த எண்ணை எழுதினார்கள். ஆண்டுதோறும் மகசூல் ஏலம் விடப்பட்டது. இந்த வழக்கம் நெடுஞ்சாலைத் துறையிலும் ஊராட்சிகளிலும் இன்றும் இருக்கிறது. ஏலம் எடுத்தவருக்குக் காய் மட்டுமே சொந்தம்; கிளையை வெட்ட உரிமை இல்லை. ஒரு மரம் காணாமல் போனால் அந்த எண்ணுக்குரிய வரவு குறையும். வரவு குறைந்தால் கேள்வி வரும்.

அறுவடை தையில் தொடங்கிப் பங்குனிவரை நடக்கும். ஆண்கள் இருவர் மரமேறிக் கிளைகளை உலுக்குவார்கள். எட்டாத நுனிகளைத் தொரட்டியால் இழுப்பார்கள். கீழே விரித்த தார்ப்பாயில் காய் சடசடவென விழும். மரத்தடியிலேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைப்பார்கள், நாரை உரிப்பார்கள், சிறு கழியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்குவார்கள். கொட்டையோடு விற்றால் ஒரு விலை, நீக்கி விற்றால் வேறு விலை. கொட்டையும் வீணாகாது, அதன் மாவு நெசவுப் பாவுக்குக் கஞ்சியாகப் போகும். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் புளி வணிகத்தில் பெயர்பெற்றதில் இந்தச் சாலை மரங்களுக்கும் வயலோர மரங்களுக்கும் பங்குண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உரிகம் என்ற ஊரின் பெயர் வேளாண்மை நூல்களில் ஒரு புளி வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஏல முறையில் குறையும் இருந்தது. ஓராண்டுக்கு மட்டும் மரத்தைப் பெற்றவருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிய கவலை இல்லை. உலுக்கி விழாத காயைக் கழியால் அடித்து உதிர்த்தால் மறு ஆண்டு காய்க்க வேண்டிய சிறு கிளைகளும் சேர்ந்து முறியும். ஒருவர் ஓராண்டில் கண்ட லாபத்துக்கு மறு ஏலத்தில் எடுப்பவர் விலை கொடுப்பார். ஆயினும் முதலுக்கு மோசமில்லை; மரம் நின்றது. 1876 முதல் 1878வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அத்தகைய காலங்களில் புளியந்தளிரும் புளியங்கொட்டையும் ஏழைகளின் வயிற்றுக்குப் போயின.

லால்பாக்கிலிருந்து வந்த மரங்கள்

ஓசூருக்கு 40 கிலோமீட்டர் வடக்கே பெங்களூரில் லால்பாக் தோட்டம் உள்ளது. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய அந்தத் தோட்டம் 19ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு மரங்களைப் பழக்கும் களமாக மாறியது. 1874 முதல் 1908வரை ஜான் கேமரூனும், அதன்பின் 1932வரை ஜெர்மானியரான குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகலும் அதை நடத்தினார்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் நகரத்தின் ஏதேனும் ஒரு சாலை பூத்திருக்க வேண்டும் என்ற நோக்கில் கிரும்பிகல் மரவகைகளைத் தேர்ந்தார். தென் அமெரிக்காவின் ஜகரந்தாவும் தபேபுயாவும், மடகாஸ்கரின் செம்மயிற்கொன்றையும், வெப்பமண்டல அமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் பெங்களூரின் அடையாளங்களாயின.

இந்த மரங்களில் சிலவற்றுக்கு மேட்டுநிலக் குளிர் தடையாக இருக்கவில்லை, தேவையாகவே இருந்தது. ஜகரந்தா நன்கு பூக்க வறண்ட குளிர்பருவம் வேண்டும். கரையோரச் சமவெளியில் மரம் வளர்ந்தாலும் பூ அவ்வளவாக வருவதில்லை. அதே குளிர் ஓசூரிலும் உண்டு என்பதால் எல்லை தாண்டி அந்த மரங்கள் இயல்பாகவே வந்தன. அதிகாரிகளின் பங்களாக்கள், பள்ளி வளாகங்கள், பின்னாளில் பூங்காக்கள், குடியிருப்புகள் எனப் பரவின.

உழவரின் வரப்பைப் பிடித்தது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்த இந்த மரம் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல்மரமாக இந்தியாவுக்கு வந்தது. நேராக உயரும், வயலில் நிழல் அதிகம் கட்டாது, இளங்குளிரை விரும்பும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெட்டி விற்கலாம். அதன் குறை, கிளை எளிதில் முறியும் தன்மை. சாலையோரத்துக்கும் வீட்டோரத்துக்கும் அது ஏற்ற மரமாக இல்லாமல் போனது அதனால்தான்.

தைல மரத்தின் கதை வேறு. மைசூர் நாட்டில் நந்திமலையில் தொடங்கிப் பரவியதாகச் சொல்லப்படும் தைல மரம், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காகிதக்கூழுக்காகவும் விறகுக்காகவும் மேட்டுநிலமெங்கும் நடப்பட்டது. 1950இல் தொடங்கிய வனமகோத்சவமும், 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டமும் மரம் நடுவதை மக்கள் இயக்கமாக்க முயன்றன. நட்ட எண்ணிக்கை பெருகியது. ஆனால் விரைவில் வெட்டுவதற்காக நடும் மரமும் நிழலுக்காக நூறாண்டு நிற்க நடும் மரமும் ஒரே எண்ணிக்கைக்குள் கலந்துபோயின.

உறைபனியில் மரம் பேணுதல்: நீலகிரியின் பாடம்

தமிழ்நாட்டில் உண்மையிலேயே உறைபனி விழும் இடங்கள் நீலகிரியின் மேல்மட்டமும் கொடைக்கானலும். ஓசூரின் மிதமான குளிரை அளக்க இந்த ஒப்பீடு உதவும். 1819இல் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன், சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளையும் மரங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848இல் உதகை வந்து, சதுப்பும் சரிவுமாக இருந்த இடத்தை 22 ஹெக்டேர் தாவரவியல் பூங்காவாக மாற்றினார்.

அங்கே மரத்தேர்வின் அளவுகோல் உறைபனி. சோலைக்காட்டு மரங்கள் தடித்த சிறு இலைகளோடு பள்ளங்களில் அடர்ந்து நிற்கின்றன. திறந்த புல்வெளியில் அவற்றின் நாற்று உறைபனியில் கருகிவிடும். புல்வெளியில் தனித்து நிற்கும் துணிவுள்ள மரம் காட்டுப்பூவரசு. குடியேறிய வெள்ளையர் சோலைகளை விறகுக்காக வேகமாக அழித்தபோது, மாற்றாக ஆஸ்திரேலிய மரங்களைத் தேடினார்கள். 1830களில் வேலமரவகைகளும் 1843இல் தைல மரமும் வந்தன. குளிரைத் தாங்கியதாலேயே அவை புல்வெளிகளை விழுங்கின. இன்று அவற்றை அகற்றிப் பழைய புல்வெளியை மீட்கும் வேலை நடக்கிறது.

பனிக்காலத்தில் உதகைப் பூங்காவின் பராமரிப்பு விடியலுக்கு முன் தொடங்கும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளத்துப் புல்லிலேயே வெண்மை முதலில் படியும். மாலையில் இளங்கன்றுகளின்மேலும் மலர்ச்செடிகளின்மேலும் கோத்தகிரி மிலார் என்ற செடியின் காய்ந்த தழையைக் கூடாரம்போல் கவிப்பார்கள். நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போகாமல் அது தடுக்கும். அதிகாலையில், வெயில் படுமுன், தெளிப்பானால் நீர் தெளிப்பார்கள். இலைமேல் படிந்த பனிப்படிகம் வெயிலில் சட்டென உருகினால் இலைத்திசு சிதைந்து கருகும். நீர் அதை மெதுவாகக் கரைத்துவிடும்.

மிகக் குளிர்ந்த நாடுகளில் அடிமரத்துக்கு வெள்ளையடிப்பதும் இத்தகைய பாதுகாப்புதான். குளிர்காலப் பகலில் வெயில் பட்ட பக்கத்துப் பட்டை சூடேறி, இரவில் மீண்டும் உறையும்போது வெடிக்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பி அந்த வெடிப்பைத் தடுக்கிறது. ஓசூர்ச் சாலை மரத்தின் சுண்ணாம்புப் பட்டைக்கு அந்த வேலை இல்லை. இரவில் வண்டி ஓட்டுபவருக்கு மரம் தெரிவதற்காகவும், எண் எழுதுவதற்காகவும் அடித்தது அது.

தொழிற்பேட்டைக் காலம்

1971இல் மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட் தோன்றியபின் ஓசூரின் வறண்ட மேட்டுநிலம் தொழிற்பேட்டையானது. 1980களில் வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. ஓசூர் வட்டம் முதலில் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்துவருகிறது. நகரம் 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

இந்தக் காலத்தில் மரத்துக்கு இரண்டு திசையிலிருந்து மாற்றம் வந்தது. ஒன்று, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகள். பெரிய தொழிற்சாலைகள் தம் வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப் பட்டையாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அனுமதிகளில் வழக்கமானது. தூசியை வடிக்க அடர்ந்த இலையுள்ள புங்கும் வேம்பும், மதிலோரம் உயர்ந்த மரங்களும், உள்சாலைகளில் பூமரங்களும் வைக்கப்பட்டன. நிலமும் நீரும் ஆளும் உள்ள வளாகங்களில் இவை நன்றாகவே வளர்ந்தன.

மற்றொன்று, சாலை அகலப்படுத்தல். தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை–பெங்களூர் வழி கிருஷ்ணகிரி, ஓசூர் ஊடாக அமைந்தது. அதில் கிருஷ்ணகிரி–ஓசூர் பகுதியான பழைய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இப்போது 44ஆம் எண். இருவழிப் பாதையின் ஓரத்தில் நின்ற புளிய மரங்கள் நால்வழியின் நடுவே வந்துவிட்டன, வெட்டப்பட்டன. வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற நிபந்தனை வழக்கமானது. ஆனால் பழைய நிழற்சாலையைத் தாங்கிய மூன்று தூண்களும் அதற்குள் சரிந்திருந்தன. தன் எல்லைக்குள் நாள்தோறும் நடந்த மைல்கூலி இல்லை. நால்வழி வேகத்தில் போகும் வண்டிக்கு மர நிழல் தேவைப்படவில்லை. புதிதாக நட்ட பூமரத்துக்கு மகசூல் இல்லாததால் ஏலமும் இல்லை. மர எண்ணும் இல்லை. கன்று பட்டுப்போனால் எந்தக் கணக்கிலும் அது குறைவாகத் தெரிவதில்லை.

எஞ்சிய பழைய மரங்கள் கிளைச்சாலைகளில் நிற்கின்றன: ராயக்கோட்டைச் சாலை, தேன்கனிக்கோட்டைச் சாலை, தளிச் சாலை ஆகியவற்றின் ஓரங்களில். அவற்றுக்கு இப்போது குளிரால் வரும் கேடு மிகக் குறைவு; பெருங்கேடு மனிதரால் வருகிறது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை ஒட்டிப் போடும் சிமென்ட் தளம் வேருக்குக் காற்றை மறிக்கிறது. விளம்பரப் பலகையின் ஆணி பட்டைக்குள் புகுகிறது. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டுவதால் எடை மறுபக்கம் சாய்கிறது. குப்பையை அடிமரத்தில் குவித்து எரிப்பதால் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் வேகிறது. குழாய் பதிக்கத் தோண்டும் பள்ளம் ஒரு பக்க வேரை முழுவதுமாக அறுக்கிறது. அறுபட்ட மரம் உடனே சாயாது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஒரு மழைக்காற்றில் விழும்போது பழி காற்றின்மேல் போகிறது.

காயம் ஆறும் விதம்

மரக் காயத்தைப் பேணும் முறையும் காலத்தோடு மாறியிருக்கிறது. வெட்டுவாயில் சாணமும் செம்மண்ணும் அப்புவது பழைய வழக்கம். பின்னர் தார் பூசினார்கள். பொந்துகளைச் செங்கல்லும் சிமென்டும் வைத்து அடைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகெங்கும் இதுவே மர வைத்தியமாக இருந்தது.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970களில் இந்த எண்ணத்தை மாற்றினார். மரத்தின் காயம் விலங்கின் காயத்தைப்போல ஆறுவதில்லை. கெட்ட திசுவைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, அதை அடைத்துவிட்டு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. தார் அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டிவிடவும் கூடும். சிமென்ட் அடைப்பு காற்றில் ஆடும் மரத்தோடு உரசி, மரம் எழுப்பிய சுவரை உடைக்கிறது. கிளை பிறக்கும் இடத்தில் தடித்துத் தெரியும் கழுத்தை விட்டுவைத்து அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும்; அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் மூடாது.

ஓசூர் மேட்டுநிலத்தில் கிளை கழிக்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. குளிர் விலகி, மழை தொடங்காத அந்த வறண்ட இடைவெளியில் பூஞ்சணம் குறைவு. அடுத்து வரும் கோடைமழையில் துளிர் வேகமாக வந்து வெட்டுவாயின் விளிம்பு திரளும். கார்த்திகை, மார்கழியில் வெட்டினால் மரம் மந்தமாக இருக்கும் காலம் முழுக்கக் காயம் திறந்தே கிடக்கும். மரங்களில் படரும் புல்லுருவியைக் களைய, இலை உதிர்ந்து அது தனித்துத் தெரியும் பருவம் நல்லது. அதன் வேர் கிளைக்குள் ஊடுருவியிருப்பதால், ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையையே வெட்ட வேண்டும்; இலையைப் பறிப்பதால் பயனில்லை.

திரும்பி வரும் கணக்கு

2022 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற ஏற்பாடும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. இந்தக் குழுவின் முன் ஒரு மரம் வருவதற்கு முதல் தேவை, அந்த மரம் ஏதேனும் ஒரு பதிவேட்டில் இருப்பது. நிலமும் இனமும் சுற்றளவும் குறித்து நகர மரங்களைக் கணக்கெடுப்பது பல ஊர்களில் புதிய முயற்சியாகப் பேசப்படுகிறது. ஓசூர் வட்டத்தின் கிராமக் கணக்கிலும் வாரியப் பதிவேட்டிலும் அந்த வேலை நூறாண்டுக்கு முன்பே பலன்தரும் மரங்களுக்கு நடந்திருக்கிறது. பழைய பதிவேடு காய்க்கும் மரத்தை மட்டுமே மரமாக எண்ணியது. நிழலுக்கும் பூவுக்கும் தூசி வடிப்பதற்கும் நிற்கும் மரத்துக்கு அதில் இடமில்லை. புதிய கணக்கில் சேர வேண்டியவை அவை.

மகசூல் ஏலத்துக்குரிய புளிய மரங்களில் எண் இன்னும் புதுப்பிக்கப்படுகிறது. மரம் பருக்கப் பருக்கச் சீவிய இடத்தின் விளிம்பில் பட்டை திரண்டு எண்ணை மெல்ல மூடும். ஏலத்துக்கு முன் பணியாளர் மீண்டும் சீவி, வெள்ளையடித்து, அதே எண்ணைக் கறுப்பில் எழுதுவார்.